நாற்பத்தைந்துக்குக் காத்திருந்த கஸ்தூரி அக்கா

போன வாரம் வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு வெளியே என் வலது கால் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. நடைப்பயிற்சி போகச் சொல்லி டாக்டர் சொன்னதும் ஆசையாக வாங்கி, மொத்தமாக ஒன்பது நாள் நடந்து, பிறகு காய்கறிக் கடைக்கு மட்டும் போட்டுக்கொண்டு போகிற ஷூ அது. அதற்கே இந்தக் கதி. குடை போட்டு உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து, விரலால் சொல்யூஷன் என்கிற ஒட்டுப்பசையை வழித்து அடிப்பாகத்தில் தடவினார். அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு வயது இருபத்திரண்டாகிவிட்டது.

நீங்கள் ஆம்பூர் வழியாக ரயிலில் போயிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஊர் நெருங்கும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இறக்குவார்கள். வரிசையாகக் கேட்கும் அந்தச் சத்தத்தை வைத்தே நாங்கள் ஊர் வந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்போம். அது தோல் பதனிடும் இடத்தின் வாடை. ஷூ கம்பெனிக்குள் இருப்பது வேறு. புதுத் தோல், மெஷின் எண்ணெய், சொல்யூஷன், இவற்றோடு நூற்றுக்கணக்கான பெண்கள் தலையில் வைத்துவரும் மல்லிகை. எல்லாம் கலந்து மத்தியானம் வரைக்கும் ஒரு மாதிரி மயக்கமாகவே இருக்கும். மத்தியானத்துக்கு மேல் பழகிவிடும், அல்லது பசி வந்து மறக்கடித்துவிடும்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கம்பெனியில் எனக்கு முதல் வேலை. டைம் ஆபீஸ். பெயர்தான் பெரிது. கேட்டுக்குப் பக்கத்தில் புறாக்கூண்டு மாதிரி ஒரு அறை, அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுத வேண்டும். சங்கு ஊதிய பிறகு வந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. பி.காம் முடித்த கையோடு சிவப்புப் பேனா கிடைத்தால் மனிதருக்கு என்ன கர்வம் வருமோ அதெல்லாம் எனக்கு வந்திருந்தது.

ஒருநாள் காலை, சங்கு ஊத ஐந்து நிமிடம் இருக்கும். ஒடுகத்தூர்ப் பக்கத்து கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் வரவில்லை. நான் பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். அப்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாப்பாட்டுப் பை தோளில் குதிக்க, ஒரு அம்மாள் ரோட்டில் ஓடிவந்தார். நேராக என் ஜன்னலில் வந்து நின்றார்.

"பாப்பா, வண்டி டயரு வெடிச்சி பாலத்தாண்ட நிக்குது. நாப்பது பேரு நடந்து வர்றாங்க. ஒருத்திக்கும் லேட் போட்றாத, சொல்ட்டேன்."

பாலம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. "நீங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? ஓடியாந்தேன்."

மூச்சு வாங்கவில்லை. அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. முகத்தில் வேர்வை வழிந்தது, ஆனால் பேச்சு திண்ணென்று வந்தது. இரண்டு மாடி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்ளும் எனக்கு அது பெரிய அதிசயம். நாற்பது பேருக்கும் அன்றைக்கு நான் கோடு போடவில்லை. அப்படித்தான் கஸ்தூரி அக்கா எனக்குப் பழக்கமானார். ஸ்டிச்சிங் பிரிவில் ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. வயது நாற்பத்திரண்டு. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் மணி அண்ணன் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தார். நகக்கண்களில் எப்போதும் பதனிடும் மருந்தின் நீலம் ஏறியிருக்கும். பேச்சு ரொம்பக் கம்மி.

அந்த வருஷம் கம்பெனி விளையாட்டு விழாவுக்கு நான்தான் நோட்டீஸ் எழுதினேன். ஆண்களுக்கு நூறு மீட்டர், நானூறு மீட்டர், கயிறு இழுத்தல். பெண்களுக்கு இசை நாற்காலி, எலுமிச்சை ஸ்பூன், கோலம். மேனேஜர் சொன்னதை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, நானே தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"இன்னா பாப்பா, ஆம்பளைங்க ஓடுவாங்க, நாங்க நாற்காலிய சுத்திசுத்தி வரணுமா?"

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. சிரித்துவிட்டு, "சேலை தடுக்கி யாராவது விழுந்தா யார் பதில் சொல்றது? கோலத்துக்கு ரெண்டு பரிசா போட்டுடு" என்றார்.

அக்கா எலுமிச்சை ஸ்பூனில் பெயர் கொடுத்தார். விசில் ஊதினதும் மற்றவர்கள் கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நகர்ந்துகொண்டிருக்க, இவர் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. நடுவராக நின்ற சூப்பர்வைசருக்குச் சந்தேகம். பழத்தைச் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டாரோ என்று எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் சிரிக்காதவர்கள் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் சொன்னார். ஒன்பதாவது வரைக்கும் படித்தாராம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு மைல், போக வர ஓட்டம்தான். பள்ளிக்கூடத்துக்காக வெளியூர் போய் ஓடி ஜெயித்துமிருக்கிறார். பிறகு பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடம் நின்றது. பள்ளிக்கூடம் நின்றதும் ஓட்டமும் நின்றது. "ஓடறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? பஸ்ஸ புடிக்கிறதுக்கும், அவுத்துக்குன மாட்ட புடிக்கிறதுக்கும் ஓடினா யாரும் கேக்கமாட்டாங்க. சும்மா ஓடினா கேப்பாங்க."

சில மாதம் கழித்து, டைம் ஆபீஸுக்கு வந்த தபாலில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. வேலூரில் மூத்தோர் தடகளப் போட்டி, ஆண்களுக்கும் பெண்களுக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டிச்சிங் பிரிவுக்கு ஓடினேன். அதாவது வேகமாக நடந்தேன்.

"மூத்தோருன்னா யாரு?" என்றார் அக்கா.

"முப்பத்தஞ்சு வயசுக்கு மேல."

அக்கா மெஷினை நிறுத்தினார். "அப்ப நான் ஏழு வருஷமா மூத்தோரா? ஒருத்தரும் சொல்லலியே!"

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். எண்ணூறு மீட்டர், வயதுப் பிரிவு நாற்பதிலிருந்து நாற்பத்துநாலு. கடைசியில் ஒரு கேள்வி: அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருக்கிறதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அதற்காக அவர் லீவு போட்ட கார்டு என்னிடம்தான் இருந்தது. உண்மையை எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நானே முடிவு செய்து, அவரைக் கேட்காமல், இல்லை என்று எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டு, போட்டியன்று நேரில் கொடுக்க வேண்டும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விண்ணப்பம் என்பது எப்படியாவது தாண்ட வேண்டிய ஒரு கேட் என்றுதான் அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த புத்தி.

அக்கா பயிற்சி எடுத்துக்கொண்ட விதம் தனி. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொள்வார். பையை பஸ்ஸிலேயே தோழிகளிடம் கொடுத்துவிட்டு, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் ரோட்டில் வீடு வரைக்கும் ஓடுவார். நாலு நாளில் ஊர் கேட்க ஆரம்பித்துவிட்டது. நல்லா இருந்த கஸ்தூரிக்கு இன்னா ஆச்சு? அக்கா என்ன பதில் சொல்வதென்று யோசிப்பதற்குள், அதுவரை எதற்கும் வாய் திறக்காத மணி அண்ணன் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "சுகர். டாக்டர் ஓடச் சொல்ட்டாரு."

ஊர் அடங்கிவிட்டது. அக்காவுக்குத்தான் கஷ்டம். யார் வீட்டுக்குப் போனாலும் சர்க்கரை இல்லாத காபி. கல்யாணத்தில் இலையில் வைத்த ஜாங்கிரியைப் பக்கத்தில் இருந்த பெண் எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு, "உனக்கு ஆவாது" என்றாளாம். தினமும் ஒருத்தி பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து, குடித்து முடிக்கும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம். "ஓட்டத்தவிட அதாம்மா பேஜாரு" என்று என்னிடம் புலம்புவார்.

இன்னொரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற ஷூக்களுக்கு ஒருநாளைக்கு நூற்றுக்கணக்கில் தையல் போடுகிறவர், அதுவரை ஒரு ஷூவைக் காலில் போட்டதில்லை. அவருடைய லைனின் சூப்பர்வைசர் ஷாகிரா ஆபா (உருதுவில் ஆபா என்றால் அக்கா), எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தவரேதான், ஆம்பூர் பஜாரில் தேடி ஒரு ஜோடி வாங்கிவந்தார். அரை சைஸ் ஜாஸ்தி. முன்னால் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டார் அக்கா.

அந்த ஷாகிரா ஆபாதான், போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் தூக்கத்தையும் கெடுத்தார். டீ குடித்துக்கொண்டே யதார்த்தமாகச் சொன்னார். "எனக்கு ஒரு யோசனை. ஆபரேஷன் பண்ண வயிறு அது. எங்க சொந்தத்துல ஒரு அம்மா குடம் தூக்கியே மறுபடி ஆஸ்பத்திரில போய் படுத்தாங்க. இவ ஓடறாளே?"

என் கையெழுத்தில் நான் எழுதிய அந்த 'இல்லை' கண் முன்னால் வந்து நின்றது. அன்றிலிருந்து தினமும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். அவர் மெஷினில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "பாப்பா, நேத்து ஒரு தடவகூட நிக்காம வீட்டுக்குப் போய்ட்டேன்" என்பார். நான், "சூப்பர் அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். கோழை என்று சொல்ல நீங்கள் வாயெடுக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா, ஷாகிரா ஆபா, நான் மூன்று பேரும் வேலூர் போனோம். மூத்தோர் போட்டி என்றால் நாலு பேர் கைத்தடியோடு வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மைதானத்துக்குள் நுழைந்ததும் என் நினைப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். சோளிங்கரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். நூறு மீட்டர் ஓடப்போகும் முன் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பக்கத்தில் இருந்த என்னிடம் கொடுத்தார். "பத்திரம்மா, ஓடறப்ப ஆடுது" என்றார். அதைக் கையில் ஏந்திக்கொண்டே அவர் ஓடுவதைப் பார்த்தேன். முதலாவதாக வந்தார். வந்து, பல்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டுதான் சிரித்தார். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் சேலையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு குண்டு எறிந்தார். ஒவ்வொரு எறிக்கும் அவர் போட்ட சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

எண்ணூறு மீட்டருக்குக் கூப்பிட்டார்கள். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு, இரண்டு சுற்று. அக்கா மகளுடைய சுடிதாரைப் போட்டிருந்தார். பழக வேண்டும் என்று ஒரு வாரமாக வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொண்டு சமைத்தாராம். ஆறு பேர் ஓடினார்கள். முதல் சுற்று முடியும்போது அக்கா நாலாவது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றில் ஒருவரைத் தாண்டினார். பிறகு இன்னொருவரை. முன்னால் திருப்பத்தூர்க்காரர், உயரமான பி.டி. டீச்சர், அவர் மட்டும்தான். கடைசி வளைவில் அக்கா அவரை எட்டிப்பிடித்தார். தோளோடு தோள், பிறகு அரை அடி முன்னால்.

அப்போது வேலி ஓரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "கஸ்தூரீ! ஓடு கஸ்தூரீ!"

திரும்பிப் பார்த்தால், யாரிடமும் சொல்லாமல் வந்திருந்த மணி அண்ணன். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அத்தனை பெரிய குரல் இருந்தது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரிந்திருக்காது. திரும்பி ஓட்டத்தைப் பார்த்தேன். அக்காவின் ஓட்டம் ஒரு நொடி குலைந்தது. தோள் குலுங்கியது. டீச்சர் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். பின்னாலேயே அக்கா தாண்டி, இரண்டு அடி வைத்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். என் வாழ்நாளில் ஓடிய ஒரே நல்ல ஓட்டம் அதுதான். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. "ஆபரேஷன்! ஆபரேஷன்!" என்று நான் கத்திக்கொண்டு போனதாகப் பின்னால் சொன்னார்கள். போய் மண்டியிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அக்கா, ஃபார்ம்ல ஆபரேஷன் இல்லன்னு நான்தான் எழுதிட்டேன். உங்கள கேக்கல. மன்னிச்சிடுங்க அக்கா."

அக்காவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருவத்திரெண்டு வருஷம்," என்றார் மூச்சுக்கு நடுவில். "கல்யாணம் ஆயி இருவத்திரெண்டு வருஷம். 'ஏமே', 'இந்தாமே' தவிர அந்த மனுஷன் என்னைக் கூப்ட்டதே இல்ல. இன்னிக்கு ஊரே பாக்க பேரச் சொல்லி கத்துறாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. சிரிச்சிக்கினே எப்டி ஓடறது, சொல்லு?"

"வயிறு?"

"வயித்துக்கு இன்னா? சிரிச்சா வலிக்காதா?" பிறகு எழுந்து உட்கார்ந்து, என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "நீ எழுதுனத அன்னிக்கே எம்பொண்ணு படிச்சி சொல்ட்டா. மறுநாளே லீவ போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுத்த டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். அழுத்திப் பாத்து, நெஞ்சுல வெச்சிப் பாத்து, எல்லாம் நல்லா ஆறிட்டுது, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினு ஓடு, வலிச்சா நிறுத்துன்னாங்க. வேலைக்குப் போவாம இருக்க சீட்டு கேட்டு வர்றவங்களத்தான் பாத்திருக்கேன், ஓடறதுக்குச் சீட்டு கேக்குறவள இப்பத்தான் பாக்குறேன்னு சிரிச்சிக்கினே எழுதிக் குடுத்தாங்க. காலைல அத மேஜைல குடுத்து, நீ எழுதுனதையும் திருத்திட்டுத்தான் நம்பர் வாங்கினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. கை கால் எல்லாம் லேசாகிவிட்டன. அப்படியே அக்கா பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, அவருக்காகக் கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். மணி அண்ணன் வந்து தூரத்திலேயே நின்றார். "நான் வாய மூடிக்கினு இருந்திருக்கணும். மொத பரிசு போய்ட்டுது" என்றார் தரையைப் பார்த்து.

"போனா போது. அடுத்த வாட்டியும் கூப்டு," என்றார் அக்கா. "நான் பழகிக்கிறேன்."

பழகிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனை ஊர், எத்தனை ஓட்டம். கம்பெனி விளையாட்டு விழாவில் பெண்களுக்கும் நானூறு மீட்டர் வந்தது. மேனேஜரே விசில் ஊதினார். தினமும் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தவள் அதை நிறுத்திவிட்டு, தன் மருமகளையும் கூட்டிக்கொண்டு ஓட வந்தாள். மூத்தோர் போட்டியில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வயதுப் பிரிவு மாறும். நாற்பத்துநாலு நடக்கும்போது, கம்பெனியில் பெண்கள் எல்லாம் நரையை மறைத்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் பிறந்தநாள் எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். "இங்க நான் கெழவி. நாப்பத்தஞ்சுக்குப் போய்ட்டா அங்க நான்தான் சின்னப் பொண்ணு." அப்படியே ஐம்பதுக்குக் காத்திருந்தார், ஐம்பத்தைந்துக்குக் காத்திருந்தார். வயது ஏற ஏறச் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷியை நான் அங்கேதான் பார்த்தேன்.

இதை எழுதும் முன்னால் அவருக்குப் போன் செய்தேன். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். கம்பெனியிலிருந்து எப்போதோ நின்றுவிட்டார், அந்தக் கட்டிடமே இப்போது யாருடைய குடோனாகவோ இருக்கிறது. போன மாதம்தான் ஒரு போட்டிக்குப் போய்வந்ததாகச் சொன்னார். ஜெயித்ததைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"பாப்பா, அங்க இப்ப பொம்பளைங்க துணி மாத்த ரூம் கட்டிக்கிறாங்க. கண்ணாடிலாம் வெச்சி."

அந்தக் காலத்தில் அந்த மைதானங்களில் பெண்களுக்கென்று ஒரு மறைவு கிடையாது. யாரோ கொண்டுவந்த ஒரு கட்டம் போட்ட போர்வை இருந்தது. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே ஒருவர் சேலையை அவிழ்த்து மாற்றுவார். பிறகு அவர் வெளியே வந்து மூலையைப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் தன்னோடு போட்டி போடப்போகிறவருக்கும் பிடிக்க வேண்டும். குண்டு எறிகிறவர்கள் பிடித்தால் காற்றுக்குக்கூட அசையாது. எழுபது வயது அம்மாள் பிடித்தால் பாட்டு வரும். நானும் பலமுறை ஒரு மூலையைப் பிடித்திருக்கிறேன். தடகளத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

"அந்தப் போர்வை இப்ப எங்கக்கா?"

"யாருக்குத் தெரியும்? கிழிஞ்சி போயிருக்கும்."

"எனக்கு ஒரு மாதிரி இருக்குக்கா. எல்லாரும் சுத்தி நின்னு பிடிச்சது நல்லா இருக்கும் இல்ல?"

"வெளிய நின்னவளுக்கு நல்லா இருக்கும்," என்றார் அக்கா. "உள்ள நின்னவளக் கேளு. காத்து அடிக்குதான்னு ஒரு கண்ணு, எவனாச்சும் பாக்குறானான்னு ஒரு கண்ணு. பாதி தெம்பு அங்கயே போய்டும். போன மாசம் ரூம்புக்குள்ள போய் தாழ்ப்பா போட்டேன். நிதானமா ஷூ நாடாவ ரெண்டு தடவ அவுத்துக் கட்டினேன். ஓட்டத்தத் தவிர வேற ஒண்ணும் நெனப்புல இல்ல பாப்பா."